கண்ணாடி விருத்தாசலம், வெள்ளி மஸ்கட்

1

போன வாரம் கூரியர்க்காரர் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே ஒட்டிய தாளில், உள்ளே இருப்பது என்ன என்று கேட்கும் கட்டத்தில் ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில், ‘நகை செய்வதற்கான கண்ணாடி மணிகள், கையால் செய்தவை’ என்று எழுதியிருந்தது. எழுத்து ஊரில் இருக்கிற என் தோழி கலைச்செல்வியுடையது. ஒரு எழுத்துக்கு நாலு தடவை பேனாவை அழுத்தி ஓட்டியிருந்தாள். எந்த நாட்டு அதிகாரிக்கும் சந்தேகம் வரக் கூடாது என்ற அழுத்தம் அது. எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால், இதே மாதத்தில் வந்த முதல் பெரிய பெட்டி பட்ட பாடும், நாங்கள் பட்ட பாடும் அப்படி. அதை எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம். மஸ்கட்டுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கணவர் அன்வர் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை செய்கிறார். ஒரே மகள் நஸ்ரின், இங்கேயே பிறந்தவள்.

காலையில் இருவரும் வெளியே போனதும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதன் மேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போடுவேன். அதோடு அது பட்டறை. வெள்ளிக் கம்பி, வெள்ளித் தகடு, இரண்டு குறடு, ஒரு சின்னச் சுத்தியல், ஒரு அரம். வாடகை வீடு என்பதால் நெருப்பு வைத்து ஊதிப் பற்றவைக்கிற வேலை கிடையாது. கம்பியை முறுக்குவது, மடிப்பது, தகட்டில் துளை போட்டு ஆணி அடித்து இணைப்பது, இவ்வளவுதான். ஒரு கண்ணாடி மணியை நாலு வெள்ளிக் கொடுக்குகள் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பதக்கம் செய்வேன். அதுதான் எங்கள் சரக்கில் அதிகம் பேர் கேட்பது. கீழ்வீட்டில் ஒரு மலையாளி அம்மா இருக்கிறார். மதியம் லுஹர் தொழுகை நேரத்துக்குப் பிறகு அவர் படுப்பார் என்பதால் அந்த நேரத்தில் சுத்தியல் எடுப்பதில்லை. சாயங்காலம் அஸர் பாங்கு கேட்டதும் மறுபடி டொக் டொக்.

இதில் வெள்ளி மட்டும்தான் என்னுடையது. கண்ணாடி முழுக்கக் கலைச்செல்வியுடையது. இந்த ஒரு வரியைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் போனதுதான் கதை.

2

ஊரில் செராமிக் டிப்ளமா படித்தபோது எங்கள் வகுப்பில் இரண்டே பெண்கள். ஒருத்தி நான், இரும்புச் சாமான் கடைக்காரர் மகள். இன்னொருத்தி கலைச்செல்வி. அவர்கள் குடும்பமே மண்பாண்டம் செய்கிறது. களிமண்ணைத் தொட்டுப் பார்த்து அதில் என்ன குறை என்று அவள் சொல்வாள். அதற்கான சூத்திரத்தை நான் எழுதுவேன். இருவரும் தேறிவிட்டோம். எனக்குக் கல்யாணம் ஆகி விமானம் ஏறினேன். அவள் ஊரிலேயே ஒரு செராமிக் கம்பெனியில் சேர்ந்தாள். பியூஸ் கேரியருக்கும் பொம்மைக்கும் குளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு போடுகிற வேலை.

அப்புறம் பல வருடம் கழித்து நான் மஸ்கட்டில் பெண்களுக்கான ஒரு கைவினை வகுப்பில் வெள்ளி வேலை கற்றுக்கொண்டேன். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது, மஸ்கட்டின் மத்ரா கடைத்தெருவில் வாங்கிய ஒரு கண்ணாடி மணியைக் கலைச்செல்வியிடம் காட்டினேன். இந்த மாதிரி மணிகள் வாங்கித்தான் நகை செய்கிறேன், எல்லாக் கடையிலும் ஒரே மாதிரிதான் கிடைக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டேன்.

அவள் அதைப் பல்லில் தட்டிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது கண்ணாடிதான?”

“ஆமா.”

“நான் தெனமும் போடற குளேஸும் கண்ணாடிதான. அங்க மண்ணு மேல ஒட்டிக்கினு இருக்குது, இங்க தனியா நிக்குது. அவ்ளோதான வித்தியாசம்.”

டிப்ளமாவில் படித்ததுதான். எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது.

அந்தக் கோடையே ஆரம்பித்துவிட்டாள். காலி பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு இரும்பு உரலில் இடித்து, டீ வடிகட்டியில் சலித்தாள். விரல் நுனி அளவுக்குக் களிமண் அச்சு செய்து அதில் கண்ணாடித் தூளை நிரப்பி, நடுவில் ஒரு ஈர்க்குச்சியை நிறுத்தினாள். சூளையில் தூள் உருகிச் சேரும், குச்சி எரிந்து துளை நிற்கும் என்பது கணக்கு. முதல் தடவை மணி அச்சோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. அச்சுக்கு உள்ளே வெள்ளைக் களிமண் பூசியதும் அது சரியானது. இரண்டாவது தடவை ஆசை பொறுக்காமல் சூளையைச் சீக்கிரம் திறந்துவிட்டாள். அத்தனையும் விரிசல். மூன்றாவது தடவை ஒரு பகல் முழுக்க ஆறவிட்டுத் திறந்தாள். பச்சையும் நீலமும் பழுப்புமாக முப்பது மணிகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் கடுகு கடுகாகக் காற்றுக் குமிழ்கள். கடையில் வாங்கும் மணியில் அந்தக் குமிழ் இருக்காது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அந்த முப்பதையும் நான் மஸ்கட்டுக்கு எடுத்து வந்து நகையாக்கினேன். எல்லாம் விற்றுப் போய்விட்டது. இரண்டு வருடம் யாராவது ஊரிலிருந்து வரும்போது பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தனுப்பினாள். பிறகு மஸ்கட்டில் நடக்கிற ஒரு கைவினைக் கண்காட்சியில் எங்களுக்கு ஒரு மேசை கிடைத்தது. அதற்கு நிறைய மணி வேண்டும். கலைச்செல்வி கம்பெனி வேலையை விட்டாள். தெரிந்தவர்களின் சூளையில் ஒரு தட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு முழு நேரமும் மணி செய்ய உட்கார்ந்தாள்.

“நல்லா யோசிச்சியா?” என்று போனில் கேட்டேன்.

“யோசிச்சிருந்தா வுட்டுருக்க மாட்டேன்” என்றாள்.

3

நஸ்ரினைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், மாடிப்படியில் மலையாளம். அவள் பேசும் தமிழில் எல்லாம் கலந்திருக்கும். ஒரு விடுமுறையில் கலைச்செல்வி வீட்டுக்குப் போனபோது தாகத்தில், “ஆன்ட்டி, கொஞ்சம் வெள்ளம் தருமோ” என்று கேட்டாள். கலைச்செல்வி உள்ளே போய் ஒரு பெரிய வெல்லக்கட்டியை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். நஸ்ரின் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கலைச்செல்வியும், இந்தப் பெண் ஏன் தின்னாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு, “ஆன்ட்டி வேணாம், அத்தைன்னு கூப்புடு” என்று ஆரம்பித்த உறவு, போனில் வளர்ந்தது. ஒருநாள் நஸ்ரின் என்னிடம், “அம்மா, நாம எப்ப வூட்டுக்குப் போவோம்?” என்றாள். வூடு என்று நான் சொன்னால் சின்ன வயதில் என் அத்தா (எங்கள் வீடுகளில் அப்பாதான் அத்தா) திருத்துவார். கடைக்கு வருகிறவர்கள் முன்னால் வீடு என்றுதான் சொல்லவேண்டும். நான் கஷ்டப்பட்டு விட்டொழித்ததை என் மகள் காசு செலவில்லாமல் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். ஆனாலும் மற்ற நேரங்களில் விருத்தாசலத்தை “உங்க ஊரு” என்றுதான் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு முள் குத்தும். காட்டிக்கொள்ள மாட்டேன்.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது விலாச அட்டை அச்சடித்தேன். பூங்கொடி போட்ட ஓரம், நடுவில் ‘ஹசீனா அன்வர், கண்ணாடி வெள்ளி நகைகள்’. கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் பத்துத் தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். இந்த நாட்டில் என்னுடைய அடையாள அட்டையில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று இருக்கும். பள்ளியில் நஸ்ரினின் அம்மா, கிடங்கில் அன்வரின் மனைவி. என் பெயரை அச்சில் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

நஸ்ரின் அந்த அட்டையைப் படம் பிடித்துக் கலைச்செல்விக்கு அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டை விரல் வந்தது. பிறகு நாலு நாள் கலைச்செல்வியிடமிருந்து சத்தமில்லை. சூளை வேலையில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதைவிட, அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

4

கண்காட்சி நடக்கிற வாரம் பார்சல் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பெட்டி வந்துவிட்டது, ஆனால் நிறுத்திவைத்திருக்கிறோம், நேரில் வாருங்கள் என்றார்கள். அன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை மாலை கண்காட்சி.

அன்வர் அரை நாள் விடுப்பு எடுத்தார். நஸ்ரினும் வந்தாள். கவுண்டரில் நடுத்தர வயது ஓமானி அதிகாரி ஒருவர், பூவேலை செய்த தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். தாளைத் திருப்பிக் காட்டினார். உள்ளே இருப்பது என்ன என்ற கட்டத்தில் ‘மார்பிள்’ என்று எழுதியிருந்தது. கட்டடத்துக்குப் போடுகிற கல் என்றால் அதற்குக் கம்பெனிப் பதிவு வேண்டும், உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார்.

மார்பிள் எப்படி வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஊரில் கூரியர் கடைப் பையன் கலைச்செல்வியிடம், உள்ளே என்ன என்று கேட்டிருக்கிறான். கண்ணாடி மணி என்றிருக்கிறாள். மூஞ்சி பார்க்கிற கண்ணாடியா, கோயில் மணியா என்று குழம்பியிருக்கிறான். இவள் விளக்குவதற்காக, கோலிகுண்டு மாதிரி தம்பி என்றிருக்கிறாள். “குண்டுன்னு எழுதுனா பெட்டி பிளைட்டுல ஏறாதுக்கா” என்று சொல்லி, கோலிக்கு ஆங்கிலம் யோசித்து மார்பிள் என்று எழுதிவிட்டான். அவன் எழுதியதில் தப்பே இல்லை.

அதிகாரியிடம் மரியாதையாக அரபியிலேயே சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை. மணிக்கு அரபியில் ‘கரஸ்’ என்று காரில் வரும்போது நஸ்ரின் சொல்லிக்கொடுத்திருந்தாள். பதற்றத்தில் எனக்கு வாயில் வந்தது ‘குபூஸ்’. கல் இல்லை ஐயா, இது கழுத்தில் போடுகிற கண்ணாடி ரொட்டி என்று அவரிடம் அழுத்தமாகச் சொன்னேன். ரொட்டியை எதற்குக் கழுத்தில் போடுகிறீர்கள் என்று அவர் கேட்டார். நஸ்ரின் முகத்தை மூடிக்கொண்டாள். அன்வர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. பிறகு அந்த அதிகாரி உருதுவில் பேச ஆரம்பித்தார். அவருடைய உருது என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

விஷயம் புரிந்தபின், பெட்டி அனுப்பியவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றார். உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தது, எதற்காக, அனுப்பியவருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம், இவ்வளவும் அதில் இருக்கவேண்டும்.

“இந்தக் கலைச்செல்வி உங்களிடம் வேலை செய்கிறவரா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு கணம் அதிகமாக ஆனது. நஸ்ரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

5

வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டே போன் செய்தேன். கலைச்செல்வி எடுத்தாள். பின்னால் எங்கோ மண் அரைக்கும் இயந்திரத்தின் சத்தம்.

“கலை, பெட்டியைப் புடிச்சி வச்சிருக்காங்க.”

“தெரியும். நஸ்ரின் மெசேஜ் போட்டுச்சி.”

“நீ ஒரு லெட்டர் எழுதி, கையெழுத்து போட்டு, போட்டோ புடிச்சி அனுப்பணும். உள்ள என்ன இருக்குது, யாரு செஞ்சது, எனக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறாங்க.”

அவள் தள்ளி நடந்து வந்தாள், இயந்திரச் சத்தம் குறைந்தது.

“அதான் எனக்கே தெரில ஹசீனா. நானு உனக்கு மணி அனுப்பற ஆளுன்னா, அப்புடி எழுதித் தரேன். கூட்டாளின்னா வேற மாதிரி எழுதணும். எப்புடி எழுதட்டும், நீயே சொல்லு.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“கார்டைப் பாத்தியா?” என்றேன்.

“பாத்தேன். பூவெல்லாம் போட்டு நல்லா இருந்துச்சி. எங்க வூட்டுக்காரரு வாங்கிப் பாத்துட்டு, உம் பேரு எங்கன்னு கேட்டாரு. பின்பக்கம் இருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அட்டையின் பின்பக்கம் வெறும் வெள்ளை. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

காரில் அன்வரும் நஸ்ரினும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மறைக்காமல் சொன்னேன். “பதினஞ்சு வருஷமா எம் பேரு எதுலயும் இல்ல கலை. இவரோட சம்சாரம், இவளோட அம்மா, அப்படியே போயிடுச்சி. பிரஸ்காரன் பேரு என்னன்னு கேட்டதும் கண்ணு மறைச்சிடுச்சி. உன்னை விட்டுட்டமேன்னு அப்ப தோணவே இல்ல. அப்புறம் தோணுச்சி, வாய் வரல. தப்புதான்.”

“உனக்கு மட்டுந்தான் பேரு இல்லியா? நானு இத்தினி வருஷம் பியூஸ் கேரியருக்கு குளேஸ் போட்டனே, அதுல எம் பேரா போட்டாங்க?”

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். ஒவ்வொரு பியூஸ் கேரியரிலும் கலைச்செல்வி என்று எழுதியிருப்பதை நினைத்துப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“மன்னிச்சிக்க கலை.”

“அதெல்லாம் வேணாம். கார்டை மாத்தி அடி. ரெண்டு பேரும் ஒரே அளவுல இருக்கணும். நான் லெட்டரு எழுதறேன், நீ போனை வையி.”

அரை மணி நேரத்தில் கடிதத்தின் படம் வந்தது. டிப்ளமாவில் படித்த ஆங்கிலத்தை மூன்றே வரியில் செலவழித்திருந்தாள். ‘நான் கண்ணாடி செய்கிறேன். ஹசீனா வெள்ளி செய்கிறாள். நாங்கள் நகை செய்கிறோம்.’ கீழே கையெழுத்து.

6

மறுநாள் அதிகாரி அந்த மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்தார். இரண்டு பெண்களும் முதலாளிகள்தானே என்று என்னிடம் கேட்டு, நான் தலையாட்டியதும் சம்பந்தம் என்ற கட்டத்தில் எதையோ எழுதி முத்திரை குத்தினார். பெட்டியின் ஒட்டுத்தாளை அறுத்தார்.

உள்ளே முழுக்க வேர்க்கடலைத் தோல்.

மணி உடையக் கூடாது என்று கலைச்செல்வி பெட்டி நிறைய வேர்க்கடலைத் தோலை அமுக்கி வைத்திருந்தாள். எங்கள் பக்கம் அது சும்மா கிடைக்கும். அதிகாரி ஒரு தோலை எடுத்து நிமிர்த்திப் பார்த்து, இது விவசாயப் பொருள், இதற்கு வேறு பிரிவு, வேறு தாள் என்றார். அன்வர் அங்கேயே ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். தோலை இங்கேயே விட்டுவிடுங்கள், மணியை மட்டும் எடுத்துப் போங்கள். நாங்கள் மூன்று பேரும் ஒரு மேசையில் குனிந்து தோலைக் கிளறிக் கிளறி ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினோம். சற்று நேரத்தில் பக்கத்து கவுண்டர்க்காரரும் வந்து சேர்ந்துகொண்டார். நடுவில் ஒரு தோலுக்குள் முழுக் கடலை இரண்டு இருந்தது, அவர் அதைத் தின்றுவிட்டார். மணிகள் அன்வரின் சாப்பாட்டு டப்பாவில் வீட்டுக்கு வந்தன. ஒன்றுகூட உடையவில்லை.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் சமையல் இல்லை. கீழ்வீட்டு அம்மா சுத்தியல் சத்தம் பற்றிக் கேட்க மேலே வந்தார். மேசையைப் பார்த்தார். உட்கார்ந்து மணி கோக்க ஆரம்பித்துவிட்டார். நஸ்ரின் பழைய அட்டைகளை ஓரம் கட்டிவிட்டுக் கெட்டித் தாளை வெட்டி, கையாலேயே புது அட்டைகள் எழுதினாள். ஹசீனா, கலைச்செல்வி. இரண்டு பெயரையும் அளவுகோல் வைத்து அளந்தாள். ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டு, “அம்மா, தமிழ்லயும் போடலாமா? லை எப்படி எழுதறது?” என்று கேட்டாள். எழுதிக் காட்டினேன். அறுபது அட்டை எழுதியபின் அவளுடைய லை என்னுடையதைவிட நன்றாக வந்தது.

கண்காட்சியில் ஒரு ஓமானியப் பெண்மணி பச்சை மணி கோத்த கழுத்து மாலையை வெகு நேரம் கையில் வைத்திருந்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழ்களைக் காட்டி, இதை யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நஸ்ரின் கலைச்செல்விக்கு வீடியோ கால் போட்டுவிட்டாள். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கை முழுக்க வெள்ளைக் களிமண்ணோடு கலைச்செல்வி திரையில் தெரிந்தாள். அந்தப் பெண்மணி மாலையைத் திரைக்கு நேரே தூக்கிக் காட்டினார். “வணக்கங்க” என்றாள் கலைச்செல்வி. அவர் ஸலாம் சொன்னார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. ஆனாலும் ஒரு நிமிடம் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே போனார்.

7

இந்தக் கோடையில் கலைச்செல்வி தன் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு சின்னச் சூளை போட்டிருக்கிறாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து இரண்டு பெண்கள் தினமும் பஸ்ஸில் வந்து அச்சு செய்கிறார்கள். முதல் நெருப்பு வைக்கும்போது நானும் இருக்கவேண்டும் என்று நாளைத் தள்ளிப்போட்டிருந்தாள். நஸ்ரினுக்குப் பள்ளி முடிந்துவிட்டது, கல்லூரி தொடங்க இரண்டு மாதம் இருந்தது. இருவரும் போனோம்.

போன மூன்றாம் நாளே நஸ்ரின் அச்சில் தூள் நிரப்ப உட்கார்ந்துவிட்டாள். பழுப்பும் நீலமும் கலந்து கோடு கோடாக ஒரு மணி செய்யவேண்டும் என்றாள். ரெண்டும் வேற வேற பாட்டிலு, ஒத்துவராம வெடிச்சிடும் என்றாள் கலைச்செல்வி. வெடிச்சா வெடிக்கட்டும் அத்தை என்றாள் இவள். சூளை ஆறுவதற்குள் நாலு தடவை போய்த் தொட்டுப் பார்த்தாள். திறந்தபோது பாதி வெடித்திருந்தது, பாதி நின்றிருந்தது. நின்ற பாதியை வைத்துக்கொண்டு, வெடித்த பாதி ஏன் வெடித்தது என்று இருவரும் இரண்டு நாள் சண்டை போட்டார்கள்.

நான் கிளம்பவேண்டிய நாள் வந்தது. அன்வருக்கு விடுப்பு இல்லை, அங்கே தனியாக இருக்கிறார். பெட்டி கட்டும்போது நஸ்ரின் வந்து கதவோரம் நின்றாள்.

“அம்மா, நீங்க போங்க. நான் காலேஜ் தொடங்கறதுக்கு முன்னாடி வரேன். அத்தாகிட்ட சொல்லிட்டேன்.”

பிள்ளைகள் ஊரை விட்டு விலகிப் போகிறார்கள் என்று வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் எல்லோரும் புலம்புவோம். நானும் நிறையப் புலம்பியிருக்கிறேன். பிள்ளை ஊரில் நின்றுகொண்டு நம்மை அனுப்பிவைக்கிற நாளுக்கு என்னிடம் தயாராக ஒரு புலம்பலும் இல்லை.

என்னை ரயிலேற்ற ஜங்ஷனுக்குக் கலைச்செல்வியின் ஸ்கூட்டியில் இருவரும் வந்தார்கள். நஸ்ரின் கையைக்கூடக் கழுவவில்லை, முழங்கை வரை வெள்ளைக் களிமண். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அத்தாவைப் பாத்துக்கங்க. நேரத்துக்கு சாப்புடுங்க. போயி எறங்கனதும் போன் பண்ணுங்க” என்றாள். ஊரில் இருக்கிறவர்கள் பதினெட்டு வருடமாக எனக்குச் சொல்லி அனுப்புகிற வார்த்தைகள் அவை. சரி என்று தலையாட்டினேன்.

கலைச்செல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். “சூளையைத் திறக்கற நேரம் ஆவுது, வா” என்று நஸ்ரினின் தோளைத் தட்டினாள். இருவரும் பேசிக்கொண்டே வேகமாக நடந்து, படியேறி, ஆட்களுக்குள் மறைந்துவிட்டார்கள். ரயில் அப்போது இன்னும் நகரவேயில்லை.